ஆஸ்திரேலியாவுக்கு வர நினைக்கும் எலக்ட்ரீஷியன் தம்பிகளுக்கு

கோயம்புத்தூரிலிருந்து யாராவது ஒரு தம்பி போன் செய்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணா, ஐடிஐ முடிச்சுட்டு மில்லுல எலக்ட்ரீஷியனா இருக்கறனுங்க. ஆஸ்திரேலியா வந்தா உடனே வேலை செய்ய விடுவாங்களாங்கண்ணா?"

தனியாகச் செய்ய விடமாட்டார்கள். வருவதற்கு முன் ஒரு திறன் மதிப்பீடு, வந்த பிறகு லைசென்ஸ் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் சுமார் ஒரு வருட வேலை, அதோடு சேர்த்து ஒரு படிப்பு, கடைசியில் லைசென்ஸுக்கான தேர்வுகள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஒரு வீட்டுக்குப் போய் நீங்களாக ஒரு பிளக் பாயிண்டை மாற்றலாம். இதைக் கேட்டதும் பல பேருக்கு மனசு விட்டுப்போகிறது. நம் ஊர் மில்லிலும் ஃபவுண்டரியிலும் கை பழகியவர்களுக்குத் தொழிலில் எந்தக் குறையும் கிடையாது. இதை இங்கே பல இடங்களில் வேலை பார்த்த பிறகுதான் சொல்கிறேன். நம்மிடம் இல்லாதது அந்தத் தொழிலைச் செய்தோம் என்பதற்கான சாட்சி. அதை இங்கே வந்து சேர்க்க முடியாது. இப்போது வேலை பார்க்கிற இடத்திலேயே சேர்க்க ஆரம்பிக்க வேண்டும்.

நான் நூற்பாலையில் ஆரம்பித்து, பிறகு ஒரு பேனல் போர்டு ஒப்பந்ததாரரிடம் பல வருடம் இருந்துவிட்டு, விக்டோரியா மாநிலத்தில் பல்லாரட் என்ற ஊருக்கு 482 என்ற வேலை விசாவில் வந்தேன். மெல்போர்னிலிருந்து மேற்கே நூறு கிலோமீட்டர் சொச்சம். இன்று என் கையில் மேற்பார்வை இல்லாமல் வேலை செய்யும் 'ஏ கிரேடு' எலக்ட்ரீஷியன் லைசென்ஸ் இருக்கிறது. ஆகவே நான் சொல்வது எலக்ட்ரீஷியனுக்கு, அதிலும் விக்டோரியாவுக்கு. வெல்டருக்கும் ஃபிட்டருக்கும் இங்கே மாநில லைசென்ஸ் கிடையாது, அவர்கள் பாதை இதைவிடச் சுருக்கம். பிளம்பருக்கும் ஏசி மெக்கானிக்குக்கும் எங்களைப் போலவே லைசென்ஸ் உண்டு.

வெளிநாட்டுத் தொழிலாளியின் திறனை மதிப்பிடுவது 'ட்ரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா' என்ற அரசு அமைப்பு. சுருக்கமாக டிஆர்ஏ. அது அங்கீகரித்த பயிற்சி நிறுவனங்கள்தான் நம் ஆவணங்களைப் பார்த்து, செய்முறைத் தேர்வும் வைக்கின்றன. அதில் தேறினால் எலக்ட்ரீஷியனுக்குக் கிடைப்பது 'ஆஃப்ஷோர் டெக்னிக்கல் ஸ்கில்ஸ் ரெக்கார்டு' என்ற ஒரு ஆவணம். உங்களுக்குத் தொழில் தெரியும் என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. அதைக் காட்டித்தான் இங்கே மேற்பார்வையில் வேலை செய்வதற்கான தற்காலிக லைசென்ஸ் வாங்க வேண்டும். "இந்தப் பேப்பர் வந்துட்டா லைசென்ஸே வந்த மாதிரி" என்று எந்த ஏஜென்டாவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இனி ஆவணங்களுக்கு வருகிறேன். என்னோடு விண்ணப்பித்தவர்களில் திறமையில் என்னைவிடப் பெரிய ஆள் ஒருவர் இருந்தார். நூறு குதிரைத்திறன் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பேனலை வரைபடம் இல்லாமலே கட்டிவிடுவார். அவருக்கு வாரக் கடைசியில் சம்பளம் ரொக்கமாகக் கையில். சம்பள ரசீது இல்லை, பிஎஃப் இல்லை, வங்கியில் வரவு இல்லை. முதலாளி நல்ல மனிதர், எவ்வளவு வேண்டுமானாலும் கடிதம் எழுதித் தரத் தயாராக இருந்தார். கடிதம் மட்டும் போதவில்லை. வேலை செய்ததற்குக் கடிதம், அந்த வேலைக்குப் பணம் வாங்கியதற்கு ஆதாரம், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். அவருடைய அத்தனை வருட உழைப்பும் கணக்கில் வராமல் போனதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் ஆறவில்லை.

அதனால் இன்றே செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். பிஎஃப் பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள். கையில் வருவது கொஞ்சம் குறையும், இருந்தாலும் கேளுங்கள். பிஎஃப் பாஸ்புக்கில் மாதாமாதம் விழும் வரவுதான் பல வருடம் கழித்து உங்களுக்காகப் பேசும். ஐடிஐ சான்றிதழோடு அப்ரென்டிஸ் முடித்த சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் பத்திரப்படுத்துங்கள். வயர்மேன் லைசென்ஸ் இருந்தால் புதுப்பித்து வைத்திருங்கள். சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுப்பவர்கள் ஜிஎஸ்டி பில், பொருள் வாங்கிய ரசீது, ஆடிட்டர் கடிதம் எல்லாவற்றையும் வருட வாரியாகக் கட்டி வையுங்கள்.

அனுபவக் கடிதத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நம் நிறுவனங்களில் பதவிப் பெயரை 'டெக்னீஷியன்' என்றோ 'மெயின்டனன்ஸ் அசிஸ்டென்ட்' என்றோ போட்டுவிடுவார்கள். கடிதத்தில் "இவர் ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி" என்று இருக்கும். மதிப்பீடு செய்பவருக்கு அதனால் பயன் இல்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை என்று இருக்க வேண்டும். கேபிள் ட்ரே அமைத்தது, ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் கட்டியது, மோட்டார் கண்ட்ரோல் சென்டரில் பழுது பார்த்தது, மெக்கர் வைத்து இன்சுலேஷன் சோதித்தது என்று உண்மையில் செய்ததை ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். வேலை செய்யும்போது போட்டோவும் வீடியோவும் எடுத்து வையுங்கள். முகமும் கையும் வேலையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி எடுப்பது நல்லது. முடிந்த பேனலின் முன்னால் நின்று எடுத்த போட்டோ அழகாக இருக்கும், ஆனால் அதைக் கட்டியது நீங்கள்தான் என்று அது சொல்லாது.

செய்முறைத் தேர்வைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். வேகத்தைக் காட்டும் இடம் அது கிடையாது. மோட்டார் சர்க்யூட்டில் ஒரு பழுதைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். நம் ஆட்கள் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு நேராக உள்ளே போய்விடுவார்கள். தேர்வாளர் என் கையைப் பார்க்கவில்லை, கை பேனலுக்குள் போவதற்கு முன்னால் நான் என்ன செய்கிறேன் என்பதைத்தான் பார்த்தார். எங்கே ஆஃப் செய்கிறேன், மறுபடி யாரும் ஆன் செய்யாதபடி எப்படிப் பூட்டுகிறேன், கரண்ட் இல்லை என்பதை எப்படி உறுதி செய்கிறேன் என்று அதையே வேறு வேறு விதமாகக் கேட்டார். நூற்பாலையில் எங்கள் ஃபோர்மேன் ஃபியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் மெஷினில் கை வைப்பார், எங்களையும் அப்படியே பழக்கினார். அந்தப் பழக்கம் எனக்கு அன்றைக்குக் கை கொடுத்தது.

அப்புறம் விசா. 482 என்பது வேலை கொடுக்கும் நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் தற்காலிக விசா. 2024 டிசம்பரிலிருந்து அதற்கு 'ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்' என்று பெயர். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் ஒவ்வொரு பிரிவிலும் 5 எடுத்தால் இந்த விசாவுக்குப் போதும். ஆனால் ஸ்பான்சர் நிறுவனங்களில் இரண்டு வருட வேலைக்குப் பிறகு, ஒரு நிறுவனத்தின் வழியாக 186 நிரந்தர விசாவுக்குப் போகும்போது ஒவ்வொன்றிலும் 6 கேட்பார்கள், வயதும் பொதுவாக 45-க்குள் இருக்க வேண்டும். 38, 40 வயதில் கிளம்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பணத்தைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியது உண்டு. ஸ்பான்சர் செய்வதற்காக உங்களிடம் பணம் வாங்குவதும், அதை நீங்கள் கொடுப்பதும் ஆஸ்திரேலியாவில் 2015 டிசம்பரிலிருந்து சட்டவிரோதம். நிறுவனம் அரசுக்குக் கட்டும் பயிற்சி வரியையும், உங்களை அந்த வேலைக்கு முன்மொழியும் நாமினேஷன் கட்டணத்தையும் உங்கள் தலையில் கட்ட முடியாது. திறன் மதிப்பீடு, ஐஇஎல்டிஎஸ் போன்ற உங்கள் செலவுகள் வேறு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நிலத்தை அடமானம் வைத்து ஒரு ஏஜென்டிடம் 'ஸ்பான்சர் லெட்டருக்கு' என்று கொடுத்தது. கடிதமும் வரவில்லை, பணமும் வரவில்லை. ஆஸ்திரேலிய மைக்ரேஷன் ஏஜென்ட் என்றால் அவருக்குப் பதிவு எண் இருக்கும், அந்த அரசுப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்டின் பெயர் இந்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் இருக்க வேண்டும். கையைக் கடிக்கும் பணத்தைக் கொடுக்கும் முன் இந்த இரண்டு இடத்திலும் தேடுங்கள்.

வந்து இறங்கியதும் சில சில்லறை வேலைகள். வரி எண், வங்கிக் கணக்கு, கட்டுமான இடத்துக்குள் நுழைய 'ஒயிட் கார்டு'. பள்ளிக்கூட வேலைக்குக் குழந்தைகள் பாதுகாப்புச் சான்று. இவற்றில் சிரமம் இல்லை. கார் லைசென்ஸ்தான் சிரமம். இந்திய லைசென்ஸ் விக்டோரியாவில் அப்படியே மாறாது. எழுத்துத் தேர்வு, ஆபத்தை உணரும் தேர்வு, ஓட்டிக் காட்டும் தேர்வு மூன்றிலும் தேற வேண்டும். கருவிகளை 'யூட்' என்கிற பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு நீங்களே ஓட்டிப் போகாவிட்டால் எலக்ட்ரீஷியன் வேலையில் பாதி வேலையே இல்லை. ஊரிலேயே கார் ஓட்ட நன்றாகப் பழகிவிட்டு வாருங்கள்.

பிறகு அந்த மேற்பார்வை வருடம். நம் ஊரில் நான்கு ஹெல்பரை வைத்து வேலை வாங்கியவருக்கு, தன்னைவிடப் பத்து வயது இளைய பையன் பக்கத்தில் நின்று தன் வேலையைப் பார்ப்பது முதலில் உறுத்தத்தான் செய்யும். என் மேற்பார்வையாளர் அப்படி ஒரு பையன். பதினேழு வயதில் அப்ரென்டிஸாகச் சேர்ந்து நான்கு வருடம் முடித்தவர். முதல் வாரம் ஒரு பால் பொருள் ஆலையில் வேலை. ஒரு பம்ப்பின் சப்ளையை ஆஃப் செய்தார். தன் பூட்டைப் போட்டார். தன் பெயரும் தேதியும் எழுதிய சிவப்பு அட்டையைக் கட்டினார். பிறகு என்னைப் பார்த்து, என் பூட்டையும் போடச் சொன்னார். ஒரே கொக்கியில் இரண்டு பூட்டு. அவர் பூட்டை நான் எடுக்கக் கூடாது, என் பூட்டை அவர் எடுக்கக் கூடாது.

அதன் பிறகு டெஸ்டரை எடுத்துக்கொண்டு பம்ப் பக்கம் போவார் என்று நினைத்தேன். எதிர்ப்பக்கம் போனார். சுவரில் கரண்ட் இருக்கிற ஒரு பிளக் பாயிண்டில் வைத்துப் பார்த்தார், விளக்கு எரிந்தது. பிறகு பம்ப்பின் டெர்மினலுக்கு வந்து ஒவ்வொரு ஃபேஸுக்கும் இடையில், ஒவ்வொரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில், நியூட்ரலுக்கும் என்று பொறுமையாக வைத்தார். எதிலும் எரியவில்லை. மறுபடி அதே பிளக் பாயிண்டுக்கு நடந்து போய் வைத்துப் பார்த்தார். எரிந்தது. நடுவில் டெஸ்டரே செத்துப் போயிருந்தால்? அதற்காகத்தான் இந்த இரண்டாவது நடை. நியான் டெஸ்டரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு 'லைன் இல்ல' என்று சொல்லி வளர்ந்த தொழில் நமது. அந்த நியான் விளக்கை நம்பிக் கை வைத்தவர்களில் எத்தனை பேர் இன்று இல்லை என்பது நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பையன் செய்ததை நம் ஊரிலும் நாளைக் காலையிலிருந்தே செய்யலாம், அதற்கு விசா தேவையில்லை.

தொழில்நுட்பத்தில் பெரிய வித்தியாசம் எர்த்திங்கில் இருக்கிறது. மின்னழுத்தம் நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒற்றை ஃபேஸ் வயரிங்கில் சிவப்பு, கருப்பு, பச்சை-மஞ்சள் என்று நிறமும் பழகியதாகவே தெரியும். அங்கேதான் கவனம் வேண்டும். மூன்று ஃபேஸில் சிவப்பு, வெள்ளை, நீலம். ஸ்விட்சிலிருந்து லைட்டுக்குப் போகும் வயரும் வெள்ளையாக இருக்கும். வெள்ளையைச் சாதுவான வயர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எர்த்திங்குக்கு வருகிறேன். நம் ஊரில் வீட்டுக்கு வீடு குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் பிட் வைப்போம். நியூட்ரலும் எர்த்தும் வீட்டுக்குள் ஒன்றோடு ஒன்று சேரக் கூடாது என்பது பாலபாடம். இங்கே மெயின் ஸ்விட்ச் போர்டில் இரண்டையும் வேண்டுமென்றே ஒரு இணைப்பால் சேர்க்கிறார்கள். அந்த ஒரு இடத்தில் மட்டும். எர்த் ராடும் உண்டு. ஒரு கெய்சரில் ஃபேஸ் வயர் அதன் உலோக உடம்பைத் தொட்டால், அந்தக் கரண்ட் மண்ணைத் தேடிப் போகாமல் எர்த் வயர் வழியாக அந்த இணைப்புக்கு வந்து, நியூட்ரல் வழியே டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பிவிடும். தடை மிகக் குறைவு என்பதால் கரண்ட் மிக அதிகம், பிரேக்கர் உடனே விழுந்துவிடும். அருமையான முறை.

ஆனால் தெருவிலிருந்து வருகிற நியூட்ரல் எங்காவது அறுந்தால் நிலைமை தலைகீழ். வீட்டில் ஓடும் கரண்டுக்குத் திரும்பிப் போக வழி இல்லாமல் எர்த்தில் ஏறி, தண்ணீர்க் குழாய் வரை வந்து நிற்கும். "குழாயைத் தொட்டா லேசா சுருக்குன்னு இருக்கு" என்று ஒரு பாட்டி போன் செய்தார் என்றால், நம் ஊரில் கெய்சரைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். இங்கே முதலில் அவரைக் குழாய் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டு, மின் விநியோக நிறுவனத்தின் அவசர எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். லேசான சுருக்கு என்று இங்கே எதையும் விட மாட்டார்கள். இந்த ஒரு விஷயத்தை மனசில் ஆழமாகப் பதிய வைத்துக்கொண்டால் இங்கத்திய வயரிங் விதிகளில் பாதி தானாகப் புரியும்.

விதிகள் எல்லாம் ஏஎஸ்/என்இசட்எஸ் 3000 என்ற புத்தகத்தில் இருக்கின்றன. 'ஒயரிங் ரூல்ஸ்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 2018 பதிப்பிலிருந்து வீட்டின் கிளைச் சர்க்யூட் எல்லாவற்றுக்கும் 30 மில்லியாம்ப் ஆர்சிடி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் கருவி, வேண்டும். வேலை முடிந்து சப்ளை கொடுக்கும் முன் எர்த் தொடர்ச்சி, 500 வோல்ட்டில் இன்சுலேஷன் குறைந்தது ஒரு மெகாஓம், ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறாமல் இருக்கிறதா என்கிற போலாரிட்டி, பழுதுக் கரண்ட் திரும்பும் பாதையின் தடையான ஃபால்ட் லூப், ஆர்சிடி விழுகிறதா என்று வரிசையாகச் சோதித்து எழுத வேண்டும். அப்புறம் அந்த வேலைக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். மெயின் போர்டு போன்ற முக்கிய வேலைகளை லைசென்ஸ் உள்ள இன்ஸ்பெக்டர் ஒருவர் தனியாக வந்து பார்ப்பார். சான்றிதழில் நம் பெயர் இருக்கும். எத்தனை வருடம் கழித்து விபத்து நடந்தாலும் அந்தக் காகிதத்தைத் தேடி எடுப்பார்கள்.

பழைய வீடுகளில் இன்னொரு ஆபத்து. மீட்டர் போர்டின் பின்பலகை கறுப்பாகத் தார் பூசியது போல இருந்தால் டிரில்லைக் கீழே வையுங்கள். பல போர்டுகளில், தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். 2003 டிசம்பர் கடைசியில் இங்கே அதை முழுக்கத் தடை செய்துவிட்டார்கள், ஆனால் அதற்கு முன் கட்டியதெல்லாம் அப்படியே நிற்கிறது. அதே போலக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் ஏறும் முன் மெயினை ஆஃப் செய்துவிடுங்கள். 2009, 2010-இல் வீட்டுக் கூரைக்குள் வெப்பத்தடுப்புப் போடும் அரசுத் திட்டத்தில் நான்கு இளைஞர்கள் இறந்தார்கள், அதில் மூன்று பேர் மின்சாரம் தாக்கி. ஒருவர் கூரைக்குள் இருந்த வெப்பத்தால். அதற்கு அரசு விசாரணை ஆணையமே வைத்தார்கள். "சும்மா எட்டிப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று ஏறுகிற இடம் இல்லை அது.

கடைசியில் லைசென்ஸ் தேர்வுகள். பாதுகாப்பு, எழுத்து, செய்முறை என்று மூன்று. செய்முறையில் நம் ஆட்கள் தோற்பதில்லை. எழுத்தில்தான் திணறுகிறார்கள், அதுவும் ஆங்கிலத்தால் இல்லை. விதிப் புத்தகத்தில் எது எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்துப் படிக்கும் பழக்கம் இல்லாததால். நான் மதிய இடைவேளையில் தினமும் அன்று செய்த வேலைக்கு என்ன விதி என்று தேடிப் படிப்பேன். என் மேற்பார்வையாளரான அந்தப் பையன் நான் தேடும் விதியின் எண்ணைச் சொல்லாமல் காத்திருப்பார், கண்டுபிடித்ததும் தலையசைப்பார். அவர் எனக்குச் செய்த பெரிய உதவி அது.

சம்பளத்தைப் பற்றிக் கேட்காமல் யாரும் போனை வைப்பதில்லை. 482 விசாவில் வருபவருக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2025 ஜூலையில் 76,515 டாலர், அது வருடா வருடம் ஏறும். அதோடு, அதே வேலையை இங்கே செய்யும் உள்ளூர்க்காரருக்கு என்ன சம்பளமோ அதற்குக் குறைவாகக் கொடுக்கக் கூடாது. அதற்கு மேல் நிறுவனம் 12 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குக் கட்ட வேண்டும். வரியும் வாடகையும் போக மிச்சம் என்ன என்பது ஊரைப் பொறுத்தது. பல்லாரட்டில் வாடகை மெல்போர்னைவிடக் குறைவு, குளிர் மெல்போர்னைவிட அதிகம். காலை ஏழு மணிக்கு வேலை ஆரம்பம், ஜூலை மாதம் அந்த நேரத்தில் கண்டியூட் பைப்பைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். மாதம் ஒரு தடவை மெல்போர்னில் சன்ஷைன் பக்கம் இருக்கிற முருகன் கோயிலுக்குப் போய்விட்டு, மளிகைச் சாமானும் வாங்கி வருவோம். குடும்பத்தை அழைத்து வருவதாக இருந்தால் மேற்பார்வை வருடம் பாதி கடந்த பிறகு அழைத்து வருவது நல்லது என்பது என் எண்ணம். ஆரம்ப மாதங்களில் வேலையும் படிப்பும் சேர்ந்து நம்மை வீட்டுக்கு மிச்சம் வைக்காது.

ஸ்பான்சர் நிறுவனம் சரியில்லை என்றால் என்ன செய்வது என்று பயப்படுகிறார்கள். அந்த வேலையை விட்டாலும் வேறு ஸ்பான்சரைத் தேடிக்கொள்ள 2024 ஜூலை முதல் 180 நாள் அவகாசம் உண்டு. முன்பு 60 நாள்தான் இருந்தது, அதனால்தான் பலர் வாயை மூடிக்கொண்டு கிடந்தார்கள். ஒவ்வொரு சம்பளத்துக்கும் பே-ஸ்லிப் தர வேண்டும், தராவிட்டால் அதுவே சட்டமீறல். மணி நேரத்தை நீங்களும் ஒரு டைரியில் எழுதி வையுங்கள். சம்பளத்தில் குறை இருந்தால், தொழிலாளர் புகார்களைக் கவனிக்கும் 'ஃபேர் ஒர்க் ஆம்பட்ஸ்மன்' என்ற அரசு அலுவலகத்தை 13 13 94 என்ற எண்ணில் கூப்பிடலாம். ஆங்கிலத்தில் வாதாட முடியுமா என்று தயங்காதீர்கள். 131 450 அரசின் மொழிபெயர்ப்புச் சேவை. அதைக் கூப்பிட்டுத் தமிழ் என்று சொன்னால், தமிழ் பேசுபவர் ஒருவரை இணைத்து அந்த அலுவலகத்தோடு பேச வைப்பார்கள். இரண்டு எண்ணையும் விமானம் ஏறும் முன்பே போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.